பழைய புல்லட்டுக்குத் தோல் பை: இரும்பு முதலில், தோல் பிறகு

பை வாங்கிவந்து வண்டிமேல் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் எதில் கட்டலாம் என்று தேடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வரிசை மாறிப்போவது அங்கேதான். பழைய வண்டியில் தோல் பை மாட்டுவது பாதிக்கு மேல் வெல்டிங் பட்டறை வேலை. பாரத்தைத் தாங்க மேலே ஒரு பட்டை, பை சக்கரத்துக்குள் போகாமல் தடுக்க ஒரு கம்பி வளையம், காற்றிலும் குலுக்கலிலும் ஆடாமல் இழுத்துப் பிடிக்கக் கீழே ஒரு வார் என மூன்று வேலைக்கு மூன்று பாகம் வேண்டும். கடையில் விற்கும் பைகளில் மேல்பட்டை இருக்கும், கீழ்வாரும் பேருக்கு இருக்கும். வளையம் மட்டும் இருக்காது. பை உள்ளே போய்ப் பின்சக்கரத்தை இறுக்கிப்பிடித்து ஆளைக் கவிழ்ப்பது அந்தப் பாகம் இல்லாததால்தான்.

இங்கே சொல்வது முக்கியமாக வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350-க்கு, அதாவது வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் உள்ள வண்டிக்கு. யெஸ்டியும் ஆர்எக்ஸ் 100-ம் எங்கே வேறுபடும் என்பதைப் பின்னால் சேர்த்திருக்கிறோம்.

எது எதோடு ஆடுகிறது

டேப்பை எடுப்பதற்கு முன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்பக்கம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாருங்கள். பள்ளத்தில் இறங்கும்போது சீட், மட்கார்டு, சைலன்சர், பின்சீட் ஃபுட்ரெஸ்ட் எல்லாம் ஃப்ரேமோடு சேர்ந்து ஆடும். சக்கரம், அதைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்ம், செயின், பிரேக் ராடின் பின்முனை, ஷாக்கின் கீழ்ப்பாதி ஆகியவை சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். பை ஃப்ரேமோடு மட்டுமே சேர்ந்திருக்க வேண்டும். அதன் ஒரு வார்கூட ஸ்விங் ஆர்மிலோ ஆக்சில் பக்கமோ கட்டப்படக்கூடாது. அப்படிக் கட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த வார் இழுபட்டுத் தளரும். தையல் விடுவதும் அந்த இடத்தில்தான் தொடங்கும்.

இது புரிந்தால் இன்னொரு கணக்கும் எளிதாகும். பைக்கும் சைலன்சருக்கும் இடைவெளி வண்டி நிற்கும்போது என்னவோ ஓடும்போதும் ஏறத்தாழ அதேதான், ஏனென்றால் இரண்டும் ஒரே பக்கம். அது குறைவது பையின் அடி தொய்வதால் மட்டுமே. பைக்கும் ஆக்சில் நட்டுக்கும் செயினுக்கும் உள்ள இடைவெளிதான் ஓட்டத்தில் மாறும். அதை வெறும் வண்டியில் அளந்து பயனில்லை. ஸ்டாண்டில் நிற்கும்போது ஆக்சில் நடுவிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்புவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கீழே இறக்கி, கனமான இரண்டு பேரை உட்காரவைத்து மறுபடி அளங்கள். அந்த வித்தியாசத்தோடு இன்னும் 3 செ.மீ. சேர்த்தால், மோசமான பள்ளத்தில் சக்கரம் எவ்வளவு மேலே வரும் என்று தெரிந்துவிடும்.

இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். பழைய வண்டியின் மட்கார்டு எத்தனை முறை மாற்றியதோ, ஃப்ரேமின் பின்வளையம் எத்தனை முறை தட்டி நிமிர்த்தியதோ, யாருக்கும் தெரியாது. இடமும் வலமும் 10, 15 மி.மீ. வித்தியாசப்படுவது சாதாரணம். ஒரு பக்கத்து வளையத்தைச் செய்துவிட்டு அதையே திருப்பிப்போட்டு மறுபக்கத்துக்கு அடித்தால் ஒரு பை ஏறியும் ஒரு பை இறங்கியும் நிற்கும்.

அளவுக்கு ஒரு சுலபமான வழி, அட்டைப்பெட்டி. மளிகைக்கடை அட்டைப்பெட்டியை வெட்டி நீளம் 38, உயரம் 28, ஆழம் 13 செ.மீ. என்று ஒரு பெட்டி செய்து, கயிற்றால் இடத்தில் கட்டிப் பாருங்கள். புல்லட்டுக்கு இந்த அளவு உறுத்தாமல் இருக்கும். இரண்டு பக்கமும் கட்டிய பிறகு மொத்த அகலம் ஹேண்டில்பாரின் அகலத்துக்குள் இருக்க வேண்டும். ஹேண்டில் நுழைகிற சந்தில் பின்பக்கமும் நுழைந்தால்தான் மதுரை மாசி வீதிகளில் வண்டி ஓட்ட முடியும். அட்டையோடு இவற்றைப் பாருங்கள்: வலது காலால் கிக்கரை முழுதாக மிதித்துவிடும்போது குதிகால் பையின் முன்முனையில் இடிக்கிறதா? பின்னால் உட்கார்பவரின் குதிகாலுக்கும் பைக்கும் நடுவே 5 செ.மீ. உண்டா? டூல் பாக்ஸ், பேட்டரி மூடிகள் பையைக் கழற்றாமல் திறக்கின்றனவா? பின்பிரேக்கை இறுக்குகிற நட்டுக்குக் கை போகிறதா? சென்டர் ஸ்டாண்டு போட எங்கே பிடித்துத் தூக்குவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் மறக்கிறார்கள். வழக்கமாகக் கைபோடும் இடத்தைப் பை மறைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் பையின் வாரைப் பிடித்துத்தான் தூக்குவீர்கள்.

பையின் நடுப்பகுதி ஆக்சிலுக்கு நேர்மேலேயோ சற்று முன்னாலோ இருக்கட்டும். பின்னால் போகப்போக முன்சக்கரம் இலேசாகி, வேகத்தில் ஹேண்டில் அலையும். ஆனால் முன்னால் தள்ளினால் பின்சீட்காரரின் காலில் இடிக்கும். இதில் ஒரு சமரசம் தவிர்க்க முடியாதது. எங்கள் கணக்கில் காலுக்கு முதலிடம் கொடுத்து, பையின் நீளத்தை 38-லிருந்து 34 ஆகக் குறைப்பது நல்லது.

கம்பி வளையம்

10 மி.மீ. உருண்டைக் கம்பி போதும். மீட்டருக்கு 0.617 கிலோ எடை, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடும். 12 மி.மீ. போட்டால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடை, பலன் அந்த அளவுக்கு இல்லை. 8 மி.மீ. வளையும்.

வடிவம் பையின் பின்முகத்தைவிடச் சுற்றிலும் 2 செ.மீ. சிறிய செவ்வகம், மூலைகள் உருண்டையாக, நடுவில் ஒரு குறுக்குக் கம்பி. இது மூன்று இடத்தில் பிடிபட வேண்டும். மேலே முன்பக்கம் ஷாக்கின் மேல் போல்ட், மேலே பின்பக்கம் மட்கார்டைத் தாங்குகிற ஃப்ரேம் வளையத்தின் போல்ட், கீழே பின்சீட் ஃபுட்ரெஸ்ட் பிடிக்கிற இடம். மேலே இரண்டு புள்ளி மட்டும் போதும் என்று பட்டறையில் சொல்வார்கள். இரண்டு புள்ளியில் நிற்கிற வளையம் கதவு மாதிரி உள்ளே வெளியே ஆடும். ஆடி ஆடி, வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். மூன்றாவது புள்ளி கட்டாயம். அதோடு இடது வலது வளையங்களை நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு குறுக்குக் கம்பியால் போல்ட் போட்டு இணைத்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். இந்த ஒரு துண்டுக் கம்பி செய்கிற உபகாரம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

வளையத்தின் முனைகளில் 4 மி.மீ. பட்டை இரும்பில் காது வைத்து ஓட்டை போடுங்கள். ஷாக்கின் மேல் போல்ட்டில் ஒரு 4 மி.மீ. காது கூடுதலாக ஏறும்போது நட்டுக்கு மரை (திருகுப் பல்) போதாமல் போகலாம். இறுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வாஷரைக் குறைக்கலாம், காதை 3 மி.மீ. ஆக்கலாம். நட் பாதி மரையில் நிற்கிற நிலையில் அந்த வண்டியை ரோட்டில் இறக்கக்கூடாது. அங்கே தொங்குவது பை மட்டும் இல்லை, ஷாக்கும்தான்.

மரை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பழைய புல்லட்டில் அதிகம் கெடுவது இதுதான். இந்த வண்டிகளில் பல இடங்களில் பிரிட்டிஷ் மரை. 5/16 அங்குல போல்ட் என்றால் 7.94 மி.மீ., கண்ணுக்கு எம்8 (8 மி.மீ. மெட்ரிக் போல்ட்) மாதிரியே இருக்கும். ஆனால் 5/16 பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்மரை) அங்குலத்துக்கு 22 மரை, சைக்கிள் மரை என்றால் 26, விட்வொர்த் (பிரிட்டிஷ் பருமரை) என்றால் 18. எம்8 ஏறத்தாழ 20. எனவே எம்8 போல்ட்டை அங்கே விட்டால் இரண்டு சுற்று சுகமாகப் போகும், மூன்றாவதில் இறுகும். "எட்டு எம்எம்தான் அண்ணே, கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று சொல்லி ஸ்பேனரில் பைப் மாட்டித் திருகினால் ஃப்ரேமின் மரை போய்விடும். கையால் கடைசிவரை திருக முடிகிற போல்ட்தான் அந்த ஓட்டைக்கு உரியது. பழைய போல்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பக்கத்தில் வைத்துப் பல்லோடு பல் பொருத்திப் பார்த்து, நீளம் மட்டும் கூடுதலாக வாங்குங்கள். ஓட்டை நேர்ஓட்டையாக, மறுபக்கம் நட் போடுகிற இடமாக இருந்தால் மட்டும் 8.8 தர (உறுதியான) எம்8 போல்ட்டும் எளிதில் தளராத நைலாக் நட்டும் தாராளமாகப் போடலாம்.

வெல்டிங்கை வண்டியில் வைத்துச் செய்ய வேண்டாம். காதுகளை வண்டியில் இறுக்கி, கம்பியைப் பிடித்து, அங்கங்கே புள்ளி வெல்டிங் வைக்க மட்டும் பெட்ரோல் டாங்கைக் கழற்றிவிட்டு, பேட்டரி வயரைப் பிரித்துவிட்டுச் செய்யலாம். முழு வெல்டிங் தரையில். முழுதாகப் பற்றவைத்ததும் கம்பி சூட்டில் இழுத்துக்கொள்ளும், காது ஓட்டைகள் 2, 3 மி.மீ. நகரும். அதனால் பின்பக்கக் காதின் ஓட்டையை முதலிலேயே நீள்வட்டமாக வெட்டிவைப்பது நல்லது. பிறகு ரெட் ஆக்சைடு, அதன்மேல் எனாமல், அல்லது பவுடர் கோட்டிங். பெயின்ட் அழகுக்காக இல்லை. காரணம் தோல் பகுதியில் வரும்.

இடது பக்கம் சேலை கார்டு இருக்கிறதே, அதையே வளையமாக வைத்துக்கொள்ளலாமா என்றால், பாதி ஆம். பை சக்கரத்துக்குள் போகாமல் அது தடுக்கும், ஆனால் பாரம் தாங்க அதன் கம்பி போதாது. மேல்பட்டையும் குறுக்குக் கம்பியும் பாரத்தை எடுத்துக்கொண்டால் போதும். சேலை கார்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பை வைப்பது மட்டும் கூடாது. பின்னால் ஆள் உட்காரும் வண்டியில் பின்சக்கரத்தின் பாதியாவது மறைப்பு இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி. பையை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற நாளில் அந்த மறைப்பு இருக்காது.

தோல்

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பக்கத்தில் திண்டுக்கல், தோல் பதனிடும் ஊர். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலுக்கு ஈ.ஐ. லெதர் என்று பழைய பெயர், புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆவாரம்பட்டையின் இடத்தைப் பின்னால் வாட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது. கொடைக்கானல் மலையில் அந்த மரங்களைப் பார்க்கலாம். பைக்கும் வாருக்கும் வேண்டியது இந்த மாதிரி பட்டையில் பதனிட்ட தோல்தான். செருப்பின் மேல்பாகத்துக்கும் ஜாக்கெட்டுக்கும் போகிற, குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோல் மெத்தென்றிருக்கும், மழையைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் வடிவம் நிற்காது. பெட்டி மாதிரி நிற்க வேண்டிய பை தொங்கிப்போகும்.

வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டைத் தோலில் உள்ளே வரைக்கும் பழுப்பு. குரோம் தோலில் நடுவில் நீலச் சாம்பலோ பச்சைச் சாயலோ தெரியும். மேலே பிளாஸ்டிக் பூச்சு போட்ட மலிவுத் தோலை மடித்தால் மடிப்பில் பூச்சு வெடிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத் தோல் அந்த இடத்தில் கறுத்து, காய்ந்ததும் ஏறத்தாழ பழையபடி ஆகும்.

பையின் உடம்புக்கு 3 முதல் 3.5 மி.மீ. கனம், வார்களுக்கு 4 மி.மீ. மேலே சொன்ன அளவில் ஒரு பைக்கு மூடியும் சேர்த்து ஏறத்தாழ 5 சதுர அடி. இரண்டு பை, மேல்பட்டை, வார்கள், கழிவு எல்லாம் சேர்த்து 15 சதுர அடி வாங்கினால் குறைவு வராது. வார்களை முதுகுப் பகுதியில் நீளவாக்கில் வெட்டச் சொல்லுங்கள். வயிற்றுப் பகுதித் தோலில் வெட்டிய வார் சீக்கிரம் ஒரு ஓட்டை அளவு நீண்டுவிடும். வெட்டிய வாரை நனைத்து, ஒரு இரவு 5 கிலோ எடையில் தொங்கவிட்டு நிழலில் காயவைத்த பிறகு ஓட்டை போட்டால் பின்னால் நீள்வது குறையும்.

தைக்க, கைப்பை தைப்பவரைவிட மாட்டுக் கழுத்துப்பட்டையும் சலங்கைப்பட்டையும் தைக்கிறவர் பொருத்தம். அலங்காநல்லூர், பாலமேடு பக்கமெல்லாம் காளை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் யார் என்று சொல்வார்கள். இழுபடுகிற கனத்தோல் அவர்கள் கைக்குப் பழக்கம். கேட்க வேண்டியது இதுதான்: ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் எதிரெதிராக விட்டுத் தைக்கிற கைத்தையல். மெஷின் தையலில் ஒரு இடம் அறுந்தால் வரிசையாகப் பிரியும். இதில் ஒரு கண்ணி போனாலும் அடுத்தது நிற்கும். மெழுகு தடவிய பாலியெஸ்டர் நூல் 0.8 அல்லது 1 மி.மீ., ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே, 5 மி.மீ.க்கு ஒரு ஓட்டை. பருத்தி நூல் வியர்வையிலும் மழையிலும் மக்கும். தையல் நீளத்தைப்போல் நான்கைந்து மடங்கு நூல் பிடிக்கும். இரண்டு பைக்கும் ஏறத்தாழ 4 மீட்டர் தையல், வார்களும் உண்டு, 30 மீட்டர் உருண்டை ஒன்று போதும்.

வார் பையோடு சேருகிற ஒவ்வொரு இடத்திலும் தையலோடு செம்பு ரிவெட்டும் வாஷரும் வேண்டும். இரும்பு ரிவெட், இரும்பு பக்கிள் வேண்டாம். பட்டைத் தோலில் உள்ள டேனின் (பட்டையின் துவர்ப்புச் சத்து) இரும்போடு சேர்ந்தால் மை மாதிரி கறுப்பாகும். அந்தக் கறை போகாது, அந்த இடத்தில் தோலும் நாளாக நாளாக நொறுங்கும். வளையத்துக்கு நல்ல பெயின்ட் வேண்டும் என்று சொன்னது இதனால்தான். பித்தளை நல்லது, ஆனால் எண்ணெய் பூசிய தோலில் அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஏறும். துணியால் துடைத்தால் போய்விடும். ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் கேள்வியே இல்லை. பட்டன் மட்டும் வைத்த மூடியைப் புல்லட்டின் அதிர்வு திறந்துவிடும். ஊசி பக்கிள்தான் பிடிக்கும். வாரின் மிச்ச முனையை அடக்க இரண்டு தோல் வளையம் கட்டாயம், இல்லாவிட்டால் அந்த முனை செயினைத் தேடிப் போகும்.

பையின் பின்முகத்துக்குள் 3 மி.மீ. பிளாஸ்டிக் தகடு ஒன்று வையுங்கள். நீல நிற டிரம்மை வெட்டி, வெந்நீரில் போட்டு நிமிர்த்தினால் அருமையான தகடு. பிளைவுட் ஊறி உப்பும். அடியில் பின்மூலையில் 6 மி.மீ. ஓட்டை இரண்டு, பித்தளைக் கண் வைத்து. தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க முடியாது, வந்தது வெளியே போக வழி வேண்டும்.

மாட்டுவது

மேல்பட்டை சீட்டுக்கு மேலே போவதைவிடக் கீழே போவது நல்லது. மேலே போட்டால் உட்காரும்போதெல்லாம் நகரும், சீட் ரெக்ஸின் தேயும். பின்சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, 40 மி.மீ. அகலப் பட்டைகள் இரண்டையும் மட்கார்டுக்கு மேலே படியவைத்து, அதே போல்ட் பட்டை வழியாக இறங்கும்படி ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் 25 மி.மீ. அகல வாஷர் வைத்து இறுக்குங்கள். பட்டை நகரவே நகராது. பட்டைக்குக் கீழே மட்கார்டில் கம்பளித் துணி வைப்பார்கள். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பெயின்ட்டை உரித்துவிடும். கார் பெயின்ட்டைக் காக்க ஒட்டுகிற, கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் படலம் போதும். மட்கார்டில் புதிதாக ஓட்டை போட நினைக்காதீர்கள். துரு ஒரு பக்கம் இருக்கட்டும், பின்விளக்கு வயர் அங்கேதான் உள்ளே ஓடுகிறது.

பையின் மேல்விளிம்பு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஸ்டாண்டில் வண்டி சாய்ந்து நிற்கும்போது இதைச் சரிபார்க்காதீர்கள். ஒவ்வொரு பையிலும் 4 கிலோ அரிசிப் பொட்டலம் வைத்து, ஆள் உட்கார்ந்த நிலையில் பாருங்கள். பிறகு கீழ்வாரை வளையத்தின் கீழ்க் கம்பியில் கட்டுங்கள். மடங்குகிற ஃபுட்ரெஸ்டில் கட்டக்கூடாது. இந்த வார் பாரம் தாங்குவதில்லை, ஒரு விரல் நுழைகிற இறுக்கம் போதும்.

புல்லட்டில் இடம் எண்ணெய், வலம் சூடு. செயின் இடது பக்கம், சைலன்சர் வலது பக்கம். இடது பையின் அடியில் செயின் எண்ணெய் தெறித்துக்கொண்டே இருக்கும். செயின் கார்டு முழுதாக இருக்கிறதா, எஞ்சினுக்குள்ளிருந்து காற்றை வெளியே விடும் பிரீதர் பைப்பின் வாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். வலது பைக்கு சைலன்சரிலிருந்து 5 செ.மீ. இடைவெளியும், நடுவில் 1.5 மி.மீ. அலுமினியத் தகடும் வேண்டும். தகட்டைத் தோலோடு ஒட்டவைத்தால் பயனில்லை, தகடு சுட்டுத் தோலையும் சுடும். 10 மி.மீ. உயர புஷ் (குழாய்த் துண்டு) வைத்து வளையத்தில் பிடித்து, நடுவே காற்று ஓட விடுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சித்திரை வெயிலில் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாத பை, ஐப்பசி மழையில் ஒரே பயணத்தில் அடிப்பக்கம் சுருங்கிக் கட்டையாகிவிடும். காய்ந்த தோல் நிறையச் சூடு தாங்கும். நனைந்த பட்டைத் தோல் 70, 80 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும். சுருங்கினது திரும்பாது, எந்த எண்ணெயும் மீட்காது. கோடையில் சோதித்துவிட்டு இடைவெளி போதும் என்று முடிவு செய்யக்கூடாது என்பது இதனால்.

பின் இண்டிகேட்டர்கள் பைக்குப் பின்னால் மறைந்தால், பட்டை இரும்பில் ஒரு நீட்டிப்பு செய்து வெளியே கொண்டுவாருங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றாமல் பற்றவைத்து ஸ்லீவ் போடுங்கள். நம்பர் பிளேட்டில் ஒரு எழுத்துகூட மறையக்கூடாது.

முடிந்ததும் அரிசிப் பொட்டலங்களோடு அழகர்கோவில் வரை ஒரு ஓட்டம், ஏறத்தாழ 20 கிலோமீட்டர். போவதற்கு முன் வளையம், ஷாக், ஸ்விங் ஆர்ம் ஆகியவற்றில் சாக்பீஸைத் தடவிவிடுங்கள். திரும்பிவந்து பையின் பின்முகத்தில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் எது எங்கே உரசுகிறது என்று தெரியும். வளையத்தின் வெள்ளை மட்டும் ஒட்டியிருந்தால் சரி. 50 கிலோமீட்டரிலும் 200 கிலோமீட்டரிலும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். பெயின்ட் அமுங்கி நட் தளர்வது வழக்கம்.

சேலை கட்டியவர் ஒருபக்கமாக உட்காரும் வீடு என்றால் இடது பை பிரச்சினைதான். சேலை கார்டோடு வரும் கால்படியை அது மறைக்கும். வலது பையை நிரந்தரமாக வைத்து, இடது பையை இரண்டு பக்கிளில் கழற்றும்படி மேல்பட்டையிலிருந்து பிரித்துவிடுவது ஒரு வழி. அப்போது வலது பையில் பாரம் வைக்காதீர்கள். அம்மாவைக் கோவிலுக்குக் கூட்டிப்போகிற வண்டியில் பையை முழுக்கக் கழற்றிவைப்பதே மரியாதை.

பாரமும் பராமரிப்பும்

வளையமும் மேல்பட்டையும் சரியாக இருந்தால் ஒரு பைக்கு 5 கிலோ. காலிப் பையே 2 கிலோ அருகே வரும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 1 கிலோவைத் தாண்டினால் கொடைக்கானல் மலைப்பாதை வளைவுகளில் வண்டி ஒரு பக்கம் விழுவதை உணர்வீர்கள். கனமானது அடியில், சக்கரத்தை ஒட்டி. ஸ்பேனர்களைத் துணியில் சுற்றாமல் போட்டால் அதிர்வில் அவை தோலை உள்ளிருந்து தின்னும். மருந்து, சூடம், சாக்லேட் எதையும் சைலன்சர் பக்கம் வைக்காதீர்கள். பின்டயரில் இரண்டு பேர் போகும்போது வைக்கிற காற்றழுத்தம்.

மழைக்குத் தோலைவிட கேன்வாஸ்தான் மேல், இதை ஒத்துக்கொள்ள வேண்டும். தோல் பைக்குள் வாய் சுருட்டி மூடுகிற தார்ப்பாய் உள்பை ஒன்று வைத்தால் சாமான் நனையாது. நனைந்த தோலை நிழலில் காயவையுங்கள். உள்ளே செய்தித்தாள் திணித்து, தாளைத் தினமும் மாற்றுங்கள். வெயிலில் வைத்தால் விறைக்கும், பிளாஸ்டிக் கவரில் மூடிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்துக்குச் சம அளவு வினிகரும் தண்ணீரும் கலந்து துடைத்தால் போதும். சோப்புத்தூள் வேண்டாம், அதன் காரம் தோலுக்கு ஆகாது.

பூச்சுக்கு 100 கிராம் தேன்மெழுகு, 250 மில்லி விளக்கெண்ணெய். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். மெழுகு 63 டிகிரி வாக்கில் உருகிவிடும். தோலைச் சிறிது நேரம் வெயிலில் இலேசாகச் சூடாக்கி, நிழலுக்குக் கொண்டுவந்து மெல்லியதாகத் தேய்த்து, மறுநாள் துணியால் துடைத்தெடுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியில் ஒன்று, புரட்டாசிக் கடைசியில் ஒன்று. ஆளிவிதை எண்ணெய் காய்ந்து கெட்டியாகித் தோலை வெடிக்கவைக்கும். நல்லெண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். வார்களுக்கு எண்ணெய் அதிகமானால் அவை நீளும். கறுப்பு ஷூ பாலிஷ் தோலில் இருப்பதைவிட வேட்டியில்தான் அதிகம் இருக்கும்.

யெஸ்டியில் இரண்டு பக்கமும் சைலன்சர், ஆகவே இரண்டு பக்கமும் தகடு. செயின் முழுக்க மூடிக்குள் ஓடுவதால் அந்த எண்ணெய்த் தொல்லை இல்லை. ஆனால் டூ ஸ்ட்ரோக் புகையோடு வரும் எண்ணெய், சைலன்சர் வாயைத் தாண்டிப் பை நீண்டிருந்தால் அதன் பின்மூலையில் படியும். கிக்கரும் கியரும் ஒரே லீவராக இடது பக்கம் இருப்பதால், குதிகால் இடிப்பதை அங்கே இடது பையில் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் 100-ல் மரையெல்லாம் மெட்ரிக், அந்தத் தலைவலி கிடையாது. ஆனால் வண்டி இலேசு, சீட் குட்டை. ஒரு பைக்கு 3 கிலோவோடு நிறுத்திக்கொண்டு, பையின் ஆழத்தை 10 செ.மீ. ஆக்குங்கள்.

தோல் பைக்குப் பூட்டு கிடையாது. பெரியார் பேருந்து நிலையம் பக்கம் நிறுத்திவிட்டுப் போகும்போது உள்பையை அப்படியே தூக்கிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆர்.சி. புத்தகம் எப்போதும் சட்டைப்பையில். இரவில் தெருவில் நிறுத்தும் வண்டி என்றால் கீழ்வார்களைக் கழற்றி மேலே சுருட்டிவிடுங்கள், கொழுப்பு தடவிய வார் என்றால் நாய் விடாது.